பெற்றோர் நோற்க வேண்டிய விரதம்



ஆலயத்தில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற ஒரு தாயிடம் குருக்கள் பெயரும் நக்ஷத்திரமும் கேட்கும்போது, கணவனுடைய பெயரையும் குழந்தைகளுடைய பெயர்களையும் ராசி நக்ஷத்திரத்தோடு ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, தன் பெயரைச் சொல்லாமலே அவள் கைகூப்பி நின்றுவிடுவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். தன்னை மறந்து பிறரை நினைக்கும் அந்த மனம் வணங்கத் தக்கது. இல்லறம் இவ்வுலகில் நிலைபெற்று நிற்பதே அத்தகைய மனங்களின் பலத்தினால்தான். ஆயினும், இறைவன் சந்நிதியில் தன் பெயரை மறக்கிற அந்தத் தாய், வீடு திரும்பிய பிறகு தன் பசியையும், தன் உறக்கத்தையும், தன் முழங்கால் வலியையும், மருத்துவர் செய்துகொள்ளச் சொன்ன இரத்தப் பரிசோதனையையும் அவ்வாறே மறந்துவிடுகிறாள் என்றால், அந்த மறதியையும் தியாகம் என்று போற்றலாமா என்பதே இன்று நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம்.

நம் இல்லங்களில் நாள்தோறும் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவனை வேலைக்கும் அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்கு ஆறிப்போன இட்லியை நின்றபடியே உண்டு, பிற்பகலில் குழந்தை தட்டில் மிச்சம் வைத்த நெய்ச் சோற்றை வீணாக்க மனம் வராமல் தானே எடுத்து உண்டு, இரவில் எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் எஞ்சியதையும் வழித்து உண்டு முடிக்கிறாள் தாய். தந்தையோ, பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்து உழைத்து, மாலையில் தேநீரோடு வடையும் பஜ்ஜியும் உண்டு, இரவு பத்து மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்துவிடுகிறார். இருவரையும் கேட்டால், குழந்தைகளுக்காகத்தானே இத்தனை பாடும் என்பார்கள். அது பொய்யன்று. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மிகவும் வேண்டியவர்களாகிய அவ்விருவரும் நாளுக்கு நாள் நோயை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் பொய்யன்று.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உயரத்திற்குத் தக்க எடையைக் கடந்தவர்கள் 2015-16ஆம் ஆண்டில் நூற்றுக்கு 30.9 பேராக இருந்து, 2019-21இல் 40.4 பேராகப் பெருகிவிட்டார்கள், ஆண்களிலோ 28.2 என்ற அளவு 37.0 ஆயிற்று. ஐந்தாறு ஆண்டுகளில் விளைந்த மாறுதல் இது. நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், இருதய நோயும், மூட்டுத் தேய்வும் இந்த மிகை எடையின் பின்னால் வருகின்றன. நம் நாட்டவருக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிகத் தீங்கு செய்வதால், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படாமல் இருக்க வேண்டுமென மருத்துவ அறிஞர்கள் வரையறுத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உடல் பருத்தவரைக் கண்டு நகைப்பதும், பெருந்தீனிக்காரர் என்று இகழ்வதும் பாவம். பரம்பரையாக வரும் உடல்வாகும், தைராய்டுக் கோளாறும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் உண்டாகும் மாறுதல்களும், சில மருந்துகளும், உறக்கமின்மையும், உள்ளத்தை அழுத்தும் கவலையும் எடையைக் கூட்டுகின்றன; அவர்கள் படும் துன்பம் நமக்குத் தெரியாது. அவமானத்தினால் எவரும் ஆரோக்கியம் அடைந்ததில்லை.

இந்த உடம்பைப் பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள்? திருமூலர் முன்பு உடம்பை இழிந்ததென்று எண்ணியிருந்ததையும், பின்னர் உத்தமனாகிய இறைவன் அதனுள் வீற்றிருப்பதைக் கண்டு, அதனைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் தாமே கூறுகிறார். காளிதாசருடைய குமாரசம்பவத்தில், கடுந்தவம் புரிகின்ற பார்வதி தேவியிடம் பிரமசாரி வடிவில் வந்த பரமசிவன், தவத்தின் பெருமையை விசாரிப்பதற்கு முன்னால் அவளுடைய உடல்நலத்தை விசாரித்து, தர்மத்தைச் சாதிப்பதற்கு முதற் சாதனம் சரீரமே என்று நினைவூட்டுகிறான். கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உண்பவனுக்கும் அடியோடு உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது. வள்ளுவரோ மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பகுதியையும் உண்ணும் அளவைப் பற்றியும், உண்டது செரித்ததை அறிந்தபின் உண்பதைப் பற்றியும் பேசுவதற்கே ஒதுக்கினார்.

“தியாகம் செய்தவர்களைத்தானே நாம் தெய்வமாக வணங்குகிறோம்? ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே தேவர்களுக்குத் தரவில்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். தந்தார், மெய்தான். ஆனால் விருத்திராசுரனை வெல்லும் வஜ்ராயுதம் ஆகுமளவிற்கு அந்த எலும்பு உறுதி பெற்றிருந்ததை நாம் மறந்துவிடலாகாது. நெடுங்காலம் நியமத்தினாலும் தவத்தினாலும் உரமேற்றிக் காத்து வைத்த ஓர் உடம்பை, உலகம் வேண்டி நின்ற கணத்தில் அவர் மனமுவந்து அளித்தார். காக்க வேண்டியதைக் காவாது சிதைய விடுவதற்கும், காத்து வைத்ததைக் கொடுப்பதற்கும் உள்ள பேதம் மிகப் பெரிது.

அளவறிந்து உண்பதைப் பற்றிப் பௌத்த நூலாகிய சம்யுத்த நிகாயத்தில் ஒரு சரித்திரம் வருகிறது. கோசல நாட்டு மன்னன் பிரசேனஜித் ஒரு வேளைக்குத் துரோணம் என்னும் பேரளவு அரிசிச் சோறு உண்ணும் வழக்கமுடையவன். அவ்வாறு உண்டுவிட்டு, மூச்சு வாங்க, ஒரு நாள் அவன் புத்தர்பிரானிடம் வந்து அமர்ந்தான். பெருமான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; விழிப்போடு இருந்து உணவின் அளவை அறிகிறவனுக்குத் துன்பங்கள் மெலியும், மூப்பு மெல்ல வரும் என்னும் கருத்துடைய ஒரு சிறு பாட்டைச் சொன்னார். அரசன் உடனே தன்னோடிருந்த சுதர்சனன் என்ற இளைஞனை அழைத்து, அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு தான் உண்ணும் வேளைதோறும் சொல்லுமாறு பணித்து, அதற்காக நாள்தோறும் அவனுக்குப் பொருளும் அளித்தான். ஒரே நாளில் உணவை ஒறுத்துவிடாமல், சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்த அம்மன்னன், கடைசியில் ஒரு நாழிச் சோற்றிலே நிறைவு கண்டான். பின்னொரு நாள் இளைத்து இலகுவாகிய தன் அங்கங்களைக் கையால் தடவிப் பார்த்து, இம்மை மறுமை இரண்டிலும் புத்தர் எனக்கு நன்மை செய்தார் என்று நெகிழ்ந்தான்.

பேரரசனாயினும் தன் மனவுறுதியை மட்டும் நம்பாமல், பக்கத்தில் இருந்து நினைவூட்டும் துணையை அவன் நாடினான் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டிலும் ஒரு சுதர்சனன் வேண்டும். ஒரு தாய் மாலையில் அரைமணி நேரம் நடந்து வர விரும்பினால், அந்த அரைமணி நேரம் அடுப்பைக் கணவன் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமியார் பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த மகன் பாத்திரம் துலக்கித் தர வேண்டும். வீட்டார் பங்குகொள்ளாமல் தாயை மட்டும் உடம்பைக் குறை என்று சொல்வது, அவள் தலையில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகும்.

பிள்ளைகளின் பொருட்டும் இது அவசியம். கயாதுவின் கர்ப்பத்தில் இருக்கும்போதே நாரதருடைய உபதேசத்தைப் பிரகலாதன் கேட்டு வளர்ந்தான் என்று பாகவதம் கூறுகிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு நீரிழிவு உண்டாகுமாயின், குழந்தைக்கும் பிற்காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் வரக்கூடிய அபாயம் மிகுகிறது என்று இக்காலத்து மருத்துவம் கூறுகிறது. தாயைப் பேணுவதே சேயைப் பேணுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? பிறந்த பின்போ, குழந்தை நம் சொற்களைவிட நம் செயல்களையே பாடமாகக் கொள்கிறது. கையில் சிப்ஸ் பொட்டலமும் கண்ணில் கைபேசியுமாகத் தந்தை அமர்ந்திருக்க, மகனை மட்டும் கீரை உண்டு மைதானத்தில் விளையாடு என்று சொன்னால், அந்த உபதேசம் பலிக்குமா?

ஆதலால் பெற்றோர்களே, ஒரு விரதம் ஏற்றுக்கொள்ளுங்கள். பிரசாதத்தை நாம் உள்ளங்கையளவே பெற்று, கண்ணில் ஒற்றி, மெல்லச் சுவைத்து மனநிறைவு அடைகிறோமே, அந்தப் பக்தியோடும் அந்த அளவோடும் அன்றாட உணவை உண்ணுங்கள். அன்னத்தை வீணாக்கலாகாது என்பது உண்மை; அதற்கு வழி, அளவாகச் சமைப்பதும், குழந்தைக்குக் குறைவாக இட்டுப் பின்பு கேட்டால் இடுவதுமே; எஞ்சியதையெல்லாம் தாயின் வயிற்றில் இடுவதன்று. ஏகாதசியன்று சோற்றை விலக்கிவிட்டுப் பலகாரத்தை மிகுதியாக உண்பதனால் விரதத்தின் பயன் கிட்டாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கலவாமல் உபவாசம் இருக்கவும் வேண்டாம். தெய்வம் அதைக் கேட்கவில்லை.

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்தே வலம் வருகிற பக்தி நமக்கு உண்டு. அந்தப் பக்தியில் ஒரு சிறு பங்கை நாள்தோறும் செலுத்துங்கள். வாரத்திற்கு 150 நிமிஷங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 30 நிமிஷமாக, வாரத்தில் ஐந்து நாள் நாமஜபத்தோடு விரைந்து நடந்தால் அது நிறைவேறிவிடும். இரவு உணவை நேரத்தோடு முடித்துக்கொண்டு, போதிய நேரம் உறங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. முதல் மாதத்தில் பெரிய பலன் தெரியாமற் போனாலும் சோர்ந்துவிடாதீர்கள். கோசல மன்னனும் படிப்படியாகவே குறைத்தான்.

பிள்ளைகளுக்கு நாம் வீடு சேர்த்து வைக்கிறோம், பொன் சேர்த்து வைக்கிறோம், கல்விக்காகக் கடனும் வாங்குகிறோம். அவர்களுக்குத் திருமணமாகி, பேரன் பேத்திகளைத் தூக்கிக் கொஞ்சும் வயதிலும், பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து நடமாடுகிற தாய் தந்தையராக நாம் இருப்பதையும் அந்தச் சேமிப்பில் சேர்த்துக்கொள்வோமாக. இன்று மாலையே கணவனும் மனைவியும் சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள். அடுத்த முறை ஆலயத்திற்குச் செல்லும்போது உங்கள் ஆரோக்கியத்திற்காகவும் மனமாரப் பிரார்த்தனை செய்யுங்கள். எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்குத் தீர்க்காயுளையும் திடகாத்திரத்தையும் அருள்வானாக.