போனை வையுங்கள், தாத்தா!

முப்பது நாற்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிய கை உங்களுடையது. விடியுமுன்னே பெரட்டுக்கு நடந்த கால் உங்களுடையது. புதருக்குள் நாகம் சீறியபோது கத்தியை இறுக்கிப் பிடித்தீர்களே தவிர, ஓடவில்லை. அந்தக் கை இன்று கைப்பேசி மணிக்கு நடுங்கலாமா?

கேரி தீவில் உழைத்து ஓய்ந்து, பாலம் தாண்டி தெலுக் பங்லிமா காராங்கிலும் கிள்ளானிலும் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களைத்தான் கேட்கிறேன்.

மக்காவ் மோசடிக்காரன் எப்படி வருகிறான், பாருங்கள். முதலில் கூரியர் அலுவலகம் என்பான். உங்கள் பெயருக்கு வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் என்பான். லைனை ‘இன்ஸ்பெக்டருக்கு’ மாற்றுவான். கைது ஆணை தயார், சேமநிதிப் பணத்தைப் ‘பாதுகாப்பான’ கணக்குக்கு மாற்று என்று மிரட்டுவான். கடைசியாக, ‘பிள்ளைகளிடம் மூச்சு விடாதே!’ என்பான். அங்கேதான் அவன் மாட்டிக்கொள்கிறான். மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைப்பு அதோடு போச்சு. அவனுக்குத்தான் பயம்!

அதிகாரக் குரல் கேட்டதும் ‘சரிங்க ஐயா’ என்று நாக்கு தானாகப் புரள்கிறதே, அது துரை காலத்து மிச்சம். அதை உங்கள் அப்பன் பாட்டன்மார் 1941லேயே உதறிவிட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் தலைவர் ஆர்.எச். நாதனை ஆங்கிலேய அரசு நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. நிஜத் துரைக்கே இறங்காத பரம்பரை, முகம் காட்டாத போலித் துரைக்கு இறங்குவதா?

ஏமாந்தே போய்விட்டீர்களா? வெட்கத்தில் வாயை மூடாதீர்கள். படித்த டாக்டர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பணம் அடுத்தவன் கணக்குகளில் கை மாறி ஓடிக்கொண்டிருக்கும். 997க்கு உடனே அடியுங்கள். 2022இல் இந்த மோசடிகளுக்கென்றே அமைத்த தேசிய மையத்தின் எண் அது. சீக்கிரம் சொன்னால்தான் வங்கி அந்தப் பணத்தை முடக்கப் பார்க்கும். பிறகு போலீஸ் புகார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று: ‘இந்த வயசில் புத்தி எங்கே போச்சு?’ என்று கத்தாதீர்கள். அந்த ஏச்சுக்குப் பயந்தே எத்தனை பேர் மறைக்கிறார்கள்! திட்ட வேண்டியது திருடனை.

தெருப் பயம் வேறு. சங்கிலி பறிப்பவன் மோட்டாரில் வருவான் என்று கோயிலுக்கும் காலை நடைக்கும் முழுக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நகையைக் கழற்றி வையுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். நாலு பேராகப் போங்கள். வாகனம் எதிரே வருவது தெரியும் பக்கமாக நடங்கள், பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாதீர்கள். வீட்டுக்குள் பூட்டிக்கொண்டால் எந்தத் திருடனும் தொடாத உடம்பைச் சர்க்கரையும் முழங்கால் வலியும் தின்றுவிடும்.

இன்றைக்கே 997ஐ நாள்காட்டியில் தடியாக எழுதுங்கள். அடுத்த மணி அடிக்கட்டும். “இன்ஸ்பெக்டரா? எந்தப் போலீஸ் பாலாய்? பேரனோடு நானே நேரில் வருகிறேன்” என்று சொல்லிப் போனை வையுங்கள்.