இதுவே அது: பந்தய எஞ்சினின் உறுப்பும் அடையாளம் பற்றிய தத்துவமும்

ஒரு பொருளை அடையாளம் காணுதல் என்னும் செயலுக்குள் இரு வேறு கேள்விகள் அடங்கியுள்ளன. அப்பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பது ஒன்று. அவ்வகைப் பொருள்கள் பலவற்றுள் அது எது என்பது மற்றொன்று. இந்தியத் தருக்க நூல்கள் முன்னதற்கு உரிய பொதுத்தன்மையைச் சாதி என்றும், பின்னதற்கு உரிய தனிப்பொருளை வியக்தி என்றும் பிரித்துப் பேசும். அன்றாட வாழ்வில் இவ்விரு கேள்விகளும் கலந்தே கிடப்பதால் இப்பிரிவு பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட பந்தய எஞ்சின் ஒன்றின் அரிய உறுப்பை ஆராய்வோர்க்கு முதற்கேள்விக்கு விடை கிடைத்த பிறகே உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவு பிறக்கும் வழிகளாகிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்குகிறது. காண்டல் என்பது புலன்வழி நேராக அறிதல். கருதல் என்பது கண்ட குறியைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல். உரை என்பது நம்பத்தக்கவர் கூற்றால் அறிதல். முதல் இரண்டும் வகையைத் தெளிவிப்பதில் வல்லவை. சான்றாக, 6,597 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட பென்ட்லி எஞ்சினில், தலைப்பகுதியிலுள்ள கேம் ஷாஃப்ட் சங்கிலியால் அன்றி, செங்குத்தாக இயங்கும் மூன்று இணைப்புத் தண்டுகளால் சுழற்றப்பட்டது. அத்தண்டுகளுள் ஒன்று தனியே கிடைக்குமாயின், அதனை அறியாதவர் நீராவி எஞ்சினின் உறுப்பு என்றே கருதக்கூடும். அறிந்தவரோ அதன் நீளம், தாங்கியின் அளவு, மறையின் தரம் ஆகியவற்றை அளந்து, அது செய்த தொழிலையும் அது அமர்ந்திருந்த இடத்தையும் உய்த்துணர்ந்துவிடுவார்.

ஆனால் அதே தண்டு குறிப்பிட்ட ஒரு பந்தயத்தில் ஓடிய எஞ்சினுக்குள் இருந்ததா என்ற கேள்விக்கு அளவுகோல் விடை தராது. ஒரே வார்ப்புரு அச்சிலிருந்து வந்த உறுப்புகள் உருவிலும் உலோகத்திலும் ஒத்தவையாகவே இருக்கும். எல்லாப் பண்புகளிலும் ஒத்த அணுக்களையும் வேறுபடுத்தும் ஒன்று வேண்டும் என்று கண்ட வைசேடிக தரிசனம், அதற்காகவே விசேடம் என்னும் தனிப் பதார்த்தத்தை ஏற்றுக்கொண்டது. பட்டறையில் அந்த விசேடத்தின் இடத்தை உறுப்பின் மீது பொறித்த எண் நிரப்ப முயல்கிறது. எஃகின் மீது அடித்துப் பொறித்த எண்ணை அராவி அழித்தாலும், அடியில் நசுங்கிய உலோகம் அமிலத்தில் வேறுவிதமாக அரிபடுவதால் பழைய எண் மீண்டும் தெரியக்கூடும். எனினும் பொய்யெண்ணைப் புதிதாகப் பொறிப்பதும் இயலும் ஆதலின், எண்ணும் சான்றுகளுள் ஒன்றாகவே நிற்கிறது. சான்றுகளுக்கு முடிவாக நிற்பதில்லை.

இச்சிக்கல் 1990-இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் வழக்காகவே வந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-இல் உல்ஃப் பர்னாட்டோ, ஹென்றி பர்கின் ஆகியோராலும், 1930-இல் பர்னாட்டோ, கிளென் கிட்ஸ்டன் ஆகியோராலும் ஓட்டப்பட்டு இருமுறை வென்றது. பின்னர் அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நேர்ந்த விபத்தில், அதனை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். அதன்பின் கார் மீண்டும் கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு அதனை வாங்க உடன்பட்டவர்கள், இது அந்தக் காரே அன்று என்று கூறிப் பின்வாங்க, வழக்கு எழுந்தது. 1929-ஆம் ஆண்டின் காரிலிருந்து காலம் கணிக்க இயலாத சில சிறு பொருத்துகளைத் தவிர எதுவும் எஞ்சவில்லை என்றும், 1930-ஆம் ஆண்டினதாகப் பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தண்டு ஆகியவையே உள்ளன என்றும் கண்ட நீதிபதி ஆட்டன், ஆயினும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது, அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு கார் இல்லை என்னும் காரணங்களால், அதுவே 'ஓல்டு நம்பர் ஒன்' எனத் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பைத் தரிசனங்களின் முன் நிறுத்தினால் எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றுகிறது. உறுப்புகளின் வேறாக அவயவி எனும் முழுப்பொருள் உண்டு என்று நிலைநாட்டிய நியாய, வைசேடிகர்களே, ஓர் உறுப்பு நீங்கியவுடன் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி பிறக்கிறது என்றும் கூறுவர். ஆகவே அவர்கள் கொள்கைப்படி லெ மானில் வென்ற கார் முதற் பழுதுபார்ப்பிலேயே மறைந்துவிட்டது. மாறாக, தேர் என்பது உறுப்புகளின் தொகுதிக்கு இட்ட வழக்குப் பெயரே என்று மன்னன் மிலிந்தனுக்குத் துறவி நாகசேனர் விளக்கியதாகச் சொல்லும் பௌத்த மரபு, நிலைத்த பொருளை மறுத்த போதிலும், முந்தைய கணம் காரணமாகப் பிந்தைய கணம் எழும் சந்தானம், அதாவது தொடர்ச்சி, உண்டு என ஏற்கிறது. நீதிபதியின் முடிவு இந்தச் சந்தானத்துக்கே மிக அணுகி நிற்கிறது.

எனினும் கழன்று வந்த உறுப்புக்கு இந்தத் தொடர்ச்சி வாதம் செல்லாது. பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட கப்பலிலிருந்து நீக்கிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மீண்டும் பூட்டினால், இரண்டனுள் அப்பழைய கப்பல் எது என்று தாமஸ் ஹாப்ஸ் எழுப்பிய வினா இங்கே கூர்மை பெறுகிறது. 1929-இல் வென்ற எஞ்சினின் இணைப்புத் தண்டு ஒன்று வெளிப்படுமாயின், அது வென்ற தண்டே ஆகும். ஆனால் அதனைப் பெற்றவர் 'ஓல்டு நம்பர் ஒன்' காரைப் பெற்றவர் ஆகமாட்டார். காரின் ஒருமை தொடர்ச்சியில் அமைய, உறுப்பின் ஒருமை அதன் உலோகத்திலேயே அமைகிறது. ஒரே வரலாற்றுக்கு உரிய பெருமை இவ்வாறு இரண்டாகப் பிரிந்து, இரு வேறு இடங்களில் உண்மையாகவே இருக்கக்கூடும்.

இவ்விரண்டுக்கும் பொதுவாக வேண்டப்படுவது மூன்றாவது அளவையாகிய உரை. தொடர்ச்சி அறுபடவில்லை என்பதும், இவ்வுலோகம் அவ்வெஞ்சினில் இருந்தது என்பதும் கண்டவர் கூற்றாலன்றி உறுதிப்படா. ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், பொருளை நேரில் அறிந்தவனாகவும், அறிந்தவாறே சொல்லும் விருப்பம் உடையவனாகவும் இருக்க வேண்டும் என்று நியாய நூலுக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் இலக்கணம் வகுத்தார். உறுப்பின் மெய்ம்மைக்கு விலை ஏறிய பிறகு சாட்சி சொல்வோர்க்கு இரண்டாம் தகுதியைக் காப்பது அரிது. இந்த உறுப்பைக் கழற்றி இதனைப் பூட்டினோம் என்று, வருங்கால விலையை அறியாமல் பட்டறைப் பதிவேட்டில் அன்றே எழுதிவைத்த தொழிலாளியே இவ்விலக்கணத்துக்கு நெருங்கி வருகிறார். அவருக்கு அப்போது பொய் சொல்லும் தேவையே இருந்ததில்லை. பொருளின் உண்மை பொருளுக்குள்ளேயே முழுமையாக உறைவதில்லை என்பதும், அதில் ஒரு பகுதி மனிதரின் வாய்மையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதும் இதனால் பெறப்படும்.