யோசனை சொல்வதும் உபகாரமே



நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்கு முன்பு மக்காவில் நடந்த சம்பவம் இது. எமன் நாட்டு ஸபீத் ஊரிலிருந்து ஒரு வியாபாரி சரக்கோடு வந்தார். குறைஷிப் பிரமுகரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு கிரயத்தைக் கொடுக்க மறுத்தார். வந்தவருக்கு அவ்வூரில் உறவுமில்லை, ஆதரவுமில்லை. கடைசியில் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று ஊரார் காதில் விழும்படி முறையிட்டார். நாயகமவர்களின் தந்தையுடன் பிறந்த ஸுபைர் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநியாயத்துக்கு ஆளானவன் உள்ளூரானாயினும் வெளியூரானாயினும் அவனுடைய உரிமை கிடைக்கும்வரை அவன் பக்கம் நிற்பதென்று சத்தியம் செய்தார்கள். நேரே போய்ச் சரக்கை மீட்டும் கொடுத்தார்கள். வாலிபரான நாயகமவர்களும் அச்சபையில் இருந்தார்கள். பிற்காலத்திலும் அதை மெச்சியே பேசினார்கள்.

சகோதரர்களே, கவனியுங்கள். ஏமாற்றியவர் குறைஷி, மீட்கப் போனவர்களும் குறைஷிகளே. வெளியிலிருந்து ஒரு நீதிபதி வரவில்லை. ஆஸின் வீடு எது, அவர் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவார் என்பதெல்லாம் உள்ளூர்க்காரனுக்குத்தானே தெரியும்!

நம் செர்டாங்கைப் பாருங்கள். பண்டார் பாரு மாவட்டத்தின் அலுவலகங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் தோட்டத்திலிருந்து வரும் தாய் கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு முதலில் ஏறுவது நம் கடைப்படியில்தான். பிள்ளை பிறந்து அறுபது நாளைக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, சாட்சி, விசாரணை என்று நீளும். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை அன்றைக்கே தெருவில் நின்றுவிடுகிறது. இதை அவளுக்கு அவள் பாஷையில், அவள் குடும்பம் தெரிந்த ஒருவர் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டும் பார்த்த நானே மலாய் பாரத்தை வாசித்து நிரப்புகிறேன்.

இதுவரை கேட்டுத் தலையாட்டுவோம். இனிமேல் சொல்வதுதான் கசக்கும். சாமான் வாங்கி ஏமாந்தவனுக்கு 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு ஐந்து வெள்ளி, ஐம்பதாயிரம் வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். இதை நம்மில் எத்தனை பேர் வாடிக்கைக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்? பக்கத்துக் கடைக்காரர் மேல் புகார் என்றால் வாய் மூடிக்கொள்கிறதே!

பினாங்கில் ஜனாப் எஸ். எம். முகமது இத்ரீஸ் இருந்தார். தமிழ்நாட்டில் பிறந்தவர், நம்மைப் போல வியாபாரி. 1970 முதல் 2019இல் மௌத்தாகும்வரை பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். அச்சங்கம் கலப்படத்தையும் கள்ள எடையையும் பற்றித் தமிழிலும் பத்திரிகை போட்டது. ஏழைகளின் முறையீட்டை நாள்தோறும் கேட்டது. வியாபாரி ஒருவர் வாங்குகிறவன் பக்கம் நின்றதால் நாணயமான வியாபாரம் எதுவும் கெட்டுவிடவில்லை. கள்ளத்தராசுக்காரனுக்குத்தான் கஷ்டம்.

யோசனை சொல்ல உட்காருகிறவர் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். கேட்ட ரகசியம் அமானிதம். தேத்தண்ணிக் கடையில் அது பேச்சாகக் கூடாது. கூலியும் கூடாது, "நம்ம கடையில் சாமான் வாங்குங்க" என்ற ஜாடையும் கூடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவே கூடாது. தவறான பாரத்தைக் கொடுத்து ஒரு குடும்பத்தை அலோர் ஸ்டார் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அலையவிட்டால் அதற்கும் கேள்வி உண்டு. மார்க்கம் பார்த்தும் ஆளைப் பிரிக்கக் கூடாது. ஸபீத் வியாபாரியிடம் யாரும் கோத்திரம் கேட்கவில்லை.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம், வாரம் இருவர், பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம். கெடாவில் வெள்ளியும் சனியும் அலுவலக விடுமுறை. வெள்ளிக்கிழமை நிரப்பிய பாரத்தோடு ஞாயிறு காலையில் கவுண்டருக்குப் போய்விடலாம். முதல் வாரத்துக்கு நான் வருகிறேன். கூட இன்னொருவர் வேண்டும்.