கூலியும் உரிமையும்

உழைத்தவருக்குப் பேசிய கூலியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பது உலக வழக்கு. கணக்கேட்டைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், பேசிய பணிக்கு மேலாகத் தம் உள்ளத்தின் ஆக்கத்தையும் அவர் சேர்த்துக் கொடுத்திருப்பாராயின், அதற்கும் அக்கூலியே ஈடாகுமா?

இவ்வினா இங்கிலாந்துப் பாடகி கிளேர் டோரியின் வாழ்வில் எழுந்தது. ஒலிப்பதிவுக் கூடங்கள் அழைக்கும்போது சென்று, பிறர் இசைக்குக் குரல் கொடுத்துக் கூலி பெற்றவர் அவர். 1973ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், பிங்க் புளோய்ட் என்னும் ராக் இசைக்குழுவிற்காகப் பாடினார். குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரைட் பியானோவில் அமைத்த இசை ஆயத்தமாக இருந்தது. பாடுவதற்கோ சொற்களும் இல்லை, மெட்டும் இல்லை. தம் குரலையே ஓர் இசைக்கருவியாகக் கொண்டு, ஓலமும் விம்மலும் அடக்கமுமாக அவர் பாடினார். முடிந்ததும், அளவு மீறிவிட்டோமோ என்று மன்னிப்பும் கேட்டார். பெற்ற கூலி 30 பவுன்.

அவ்வாண்டே வெளிவந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' இசைத்தட்டில் அப்பாடல் இடம்பெற்றது. அத்தட்டு கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. பாடியவர் டோரி என்று அட்டை கூறியது. இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டுமே இருந்தது. இயற்றியவருக்குரிய உரிமைத்தொகை டோரிக்கு இல்லை. 2004ஆம் ஆண்டில் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் இரு தரப்பும் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாடு கண்டன. அதன்பின் வந்த பதிப்புகளில் இருவர் பெயரும் இடம்பெற்றன.

"வீடு கட்டிய கொத்தனார் வீட்டில் பங்கு கேட்பதுண்டா? விரும்பித்தானே கூலி வாங்கினார்?" என்று சிலர் வினவலாம். கொத்தனார் பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் சுவர் எழுப்புகிறார். இங்கோ, அந்தப் பகுதிக்குப் படமே இல்லை. ரைட்டின் இசையின்றி அப்பாடல் பிறந்திராது என்பது உண்மை. டோரியின் கற்பனையின்றி அது அவ்வடிவம் பெற்றிராது என்பதும் அதே அளவு உண்மை.

மன்னிப்புக் கேட்டவர், தாம் கொடுத்ததன் மதிப்பை அன்று அறியவில்லை. அறியாமையால் உரிமை அழிந்துவிடுமா? கொடுத்தவர் அறியாதபோது, பெற்றவரின் கடமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. அவர் கேட்கும்வரை காத்திருப்பது சட்டத்திற்குப் போதுமானதாக இருக்கலாம், அறத்திற்குப் போதாது.

கூலி, உழைப்பின் நேரத்தை அளக்கும். அந்நேரத்தில் பிறந்த புதுமையை அளக்க, மனச்சான்று என்னும் வேறோர் அளவுகோல் வேண்டும். பிறர் உழைப்பால் உயர்ந்தோர் யாவரும் அதனை ஒருமுறையேனும் கையிலெடுத்துப் பார்த்தல் நன்று.