இயந்திரத்திடம் சொல்லும் பொய் பொய்யாகுமா?

பொய் என்றால் என்ன என்று கேட்டால், உண்மையல்லாததைப் பிறர் உண்மையென நம்பும்படி சொல்வது என்று சிறு பிள்ளையும் விடை கூறும். ஆனால் கேட்பவர் மனிதராக இல்லாமல் ஓர் இயந்திரமாக இருந்தால்? மனமில்லாத பொருளை ஏமாற்றுவதில் குற்றமுண்டா? இது வீண் விவாதம் என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள்ளேயே இக்கேள்வி இருக்கிறது.

சில காலத்துக்கு முன் என் உறவுக்கார இளைஞர் ஒருவர் தம் டீசல் வண்டியை ஓட்டி வந்து, "மாமா, ஏறி உட்காருங்கள், வண்டி பறக்கிறது!" என்றார். உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றை வாங்கி, கால் மணி நேரத்தில் தாமே பொருத்திக் கொண்டாராம். அது என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒன்றுமில்லை மாமா, வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

விஷயம் யாதெனில், இக்காலத்து எஞ்சினை நடத்துவது ஒரு சிறு கம்ப்யூட்டர். காற்றின் வெப்பம் இவ்வளவு, எரிபொருளின் அழுத்தம் இவ்வளவு என்று உணர்கருவிகள் அனுப்பும் செய்தியைக் கொண்டு, எவ்வளவு எண்ணெயை எப்போது தெளிப்பது என்று அது தீர்மானிக்கிறது. 1980களில் கம்ப்யூட்டரின் சில்லையே கழற்றிவிட்டு வேறு சில்லைப் பொருத்துவார்கள். இந்தப் பெட்டியோ உணர்கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தியை மாற்றுகிறது. குழாயில் 1,600 பார் அழுத்தம் இருக்கையில் 1,450 என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். குறைந்துவிட்டதே என்று கம்ப்யூட்டர் அழுத்தத்தை ஏற்றுகிறது. கூடுதல் டீசல் எரிகிறது, வண்டி பாய்கிறது.

பெட்ரோல் வண்டிக்கென்று மலிவாக விற்கும் சில்லுகள் சிலவற்றைத் திறந்து பார்த்தால், சில காசு பெறும் ரெசிஸ்டர் ஒன்றுதான் உள்ளே இருக்கும். நண்பகல் வெயிலிலும், உள்ளே வருவது குளிர்ந்த காற்று என்று அது சாதிக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். சாதாரண ஓட்டத்தில், புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவி மிகுதியைக் கண்டு சொல்ல, கூட்டியதைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும். ஏமாந்தது கம்ப்யூட்டரா, காசு கொடுத்தவரா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இது நிற்க. இளைஞர் தம் பக்க நியாயத்தை நன்றாகவே எடுத்துரைத்தார். "கொல்லையில் பொம்மை நட்டுப் பறவைகளை விரட்டுகிறோம். அதைப் பொய் என்பாருண்டா? தொழிற்சாலைக்காரர்களே ஒரே எஞ்சினை, கம்ப்யூட்டரிலுள்ள கணக்கை மட்டும் மாற்றி, குறைந்த சக்திக்கு ஒரு விலை, கூடிய சக்திக்கு ஒரு விலை என்று விற்பதுண்டு. நான் பணம் கொடுத்து வாங்கிய எஞ்சினில் ஒளிந்திருக்கும் சக்தியை எடுத்துக் கொண்டால் யாருக்கு மாமா நஷ்டம்?"

இதில் பாதி நியாயமிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மனமில்லை, அதற்கு நாம் அநீதி செய்ய முடியாது. மட்டமான எண்ணெய், கடும் வெப்பம், காலந்தவறிய சர்வீஸ் ஆகியவற்றைத் தாங்கவும் தொழிற்சாலை சற்றுச் சக்தியை மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தைச் செலவழித்து எஞ்சின் கெட்டால், கெடுவது அவருடைய பொருள்.

ஆனால் தராசை நினைத்துப் பாருங்கள். தராசுக்கும் மனமில்லை. தட்டின் அடியில் ஈயத்தை ஒட்டும் கடைக்காரர் ஏமாற்றுவது தராசையல்ல. எதிரே பணத்துடன் நிற்கும் மனிதரை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, அந்த இயந்திரத்தின் சொல்லை நம்பி நிற்பவர் யார் என்பதே.

2015ஆம் ஆண்டில் உலகம் இப்பாடத்தைக் கண்டது. வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகள், தாம் சோதிக்கப்படுவதை அறிந்து அப்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைக்கும்படி செய்யப்பட்டிருந்தன. சாலையில் அவை வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடு, அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் 40 மடங்கு வரை சென்றது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இந்த ஏற்பாடு இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பொய் சொல்லப்பட்டது சோதனை இயந்திரத்திடம். அதைச் சுவாசித்தவர்கள் மனிதர்கள்.

நம் சிறு பெட்டியின் பின்னாலும் மனிதர்கள் நிற்கிறார்கள். டீசல் மிஞ்சினால் கரும்புகை எழும். அது பஸ் நிறுத்தத்தில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும். இன்சூரன்ஸ் படிவத்தில் மாற்றம் ஏதுமில்லை என்று எழுதினால், அது மனிதரிடம் சொன்ன பொய்யே. மாறாக, தேர்ந்த பட்டறையில் அளந்து பார்த்து, புகையைச் சோதித்து, அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவித்து எஞ்சினைத் திருத்துபவரைக் குறைகூற எனக்கு வாயில்லை.

ஓராண்டு சென்றது. இளைஞர் வண்டியை விற்க முனைந்தார். வாங்க வந்தவர் மூன்று பிள்ளைகளின் தகப்பனார். நெடுநாள் சேமித்த பணத்துடன் வந்தவர். இளைஞர் முதல் நாள் இரவே பெட்டியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார். "கழற்றிய பின் பார்த்தால் தெரியாது மாமா. அவர் கேட்காததை நானாகச் சொல்ல வேண்டுமா?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது தம்பி, உனக்குத் தெரியுமே. ஓராண்டு அந்த எஞ்சின் பட்ட பாட்டுக்கும் சேர்த்தல்லவா அவர் பணம் கொடுக்கிறார்?" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் சொல்லிவிட்டார். வந்தவர் நன்றி கூறி, வாங்காமல் திரும்பினார். பின்னர் விவரம் அறிந்தே ஒருவர் ஆயிரம் வெள்ளிக்கு மேல் குறைத்து வாங்கிக் கொண்டார். இளைஞருக்கு வருத்தந்தான், மறைக்கவில்லை.

சகோதரர்களே! நாளுக்கு நாள் நம் வாக்குகளை இயந்திரங்கள் சுமக்கின்றன: மீட்டரும், தராசும், வருகைப் பதிவுக் கருவியும். அவற்றை முடுக்குவதும் திருத்துவதும் அறிவின் வேலை, அதில் தவறில்லை. ஆனால் அவை காட்டும் எண், வேறொருவர் நம்பியிருக்கும் அமானிதம். அதைத் தொடுமுன் அந்த ஒருவரை நேரில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வோமா என்று கேட்டுக் கொள்வது நல்லது.