வீட்டுக் கணக்கும் மறுமைக் கணக்கும்



2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருக்கெடுத்து வந்ததை நம் திருக்கோவிலூர் மக்கள் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு சோதனை வரும்போது, கையிருப்பு இல்லாத கணவர் முதலில் எதைத் தேடுகிறார்? மனைவியின் நகையை. "கொடும்மா, மூணு மாசத்துல மீட்டுத் தர்றேன்" என்கிறார். மூன்று வருடம் ஆகிறது, வட்டி ஏறுகிறது, நகை ஏலத்துக்குப் போகிறது.

சகோதரர்களே! அந்த நகை யாருடையது? மஹராக வந்ததும், தாய் வீட்டில் அவருக்குப் போட்டதும் அவருடைய சொத்து. அவர்களாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் மஹரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்நிஸா அத்தியாயம் 4-ஆம் வசனத்தின் கருத்து. சண்டைக்குப் பயந்து கழற்றித் தருவது மனமுவந்து தருவதாகுமா? திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் அது கடன். கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது அல்பகரா 282-ஆம் வசனம். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள எழுத்தா?" என்று சிரிக்காதீர்கள். நாளை நீங்கள் மவுத்தானால், அந்த ஒரு தாள்தான் அவருடைய உரிமையைக் காக்கும்.

கடனோடு இறப்பது எவ்வளவு பாரம் தெரியுமா? மூன்று தீனார் கடன் விட்டு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸா தொழ வைக்கவில்லை. தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

தண்டலில் 10,000 ரூபாய் எழுதி 8,500 கையில் வாங்கினால், தினம் 100 ரூபாய் வீதம் நூறே நாளில் 1,500 ரூபாய் வட்டி போய்விடுகிறது. மார்க்கம் தடுத்ததுதான், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எனப் பெயர் சொல்லியே தடுக்கிறது.

ஆகவே இன்று இஷாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். வருமானம், செலவு, கடன் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மறைத்த கடன் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். சம்பளம் வந்த அன்றே, சிறிதானாலும் ஒரு தொகையை ஆபத்துக் காலத்துக்கு எடுத்து வையுங்கள். தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், வட்டிக்கு அடகு வைப்பதைவிட, மனைவி சம்மதித்தால் ஒரு நகையை விற்பது மேல். அதையும் கடனாக எழுதுங்கள்.

வசதி உள்ளவர்களே! அண்டை வீட்டார் தண்டல்காரரிடம் போகும் முன் அழகிய கடன் கொடுங்கள். கஷ்டப்படுபவருக்கு அவகாசமும் கொடுங்கள்.

யா அல்லாஹ்! கடன் சுமையிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் இல்லங்களில் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.