வரியும் வழியும்: வாகன வரி செலுத்தும் முறை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அரசு தன் குடிகளிடம் வரி பெறுதல் நியாயமா என்பது அரசியற் சிந்தனையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. எவ்வளவு பெறலாம் என்பது அதன்வழி எழுந்த இரண்டாவது வினா. இவ்விரண்டைப் பற்றியும் அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், வரியை எவ்வாறு பெறுவது என்னும் மூன்றாவது வினா, அலுவலகங்களுக்குரிய சிறு விடயமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. உண்மையில், வரி செலுத்தும் முறையும் வரியின் ஒரு பகுதியேயாகும். வரியைச் செலுத்துவதற்காக ஒருவர் இழக்கும் நாளும் கூலியும் அரசின் கணக்கேடுகளில் பதியப்படுவதில்லை. எனினும், அவரது வீட்டுக் கணக்கில் அவை செலவாகவே நிற்கின்றன. வாகன வரி செலுத்தும் முறையில் அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ள மாற்றங்களை ஊவா மாகாணத்துத் தோட்டங்களை மனத்திற்கொண்டு நோக்கும்போது, இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

வரி பெறும் முறையின் அறத்தைத் தமிழ் மரபு முன்னரே உணர்ந்திருந்தது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறிய புறநானூற்றுப் பாடல் இதற்குச் சான்று. சிறிய வயலின் விளைவை அறுத்துக் கவளமாக்கி அளித்தால் யானைக்குப் பல நாளுக்குப் போதும். யானை தானே புகுந்து உண்ணத் தொடங்கினால் அதன் வாய் தின்பதைக் காட்டிலும் கால் மிதித்து அழிப்பதே மிகுதி என்பது அவ்வுவமை. யானையின் பசி இரு நிலைகளிலும் ஒன்றே. மாறுவது உண்ணும் முறை. வயலின் விதியை முடிவுசெய்வதும் அதுவே. அதம் சிமித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலிலே, சமத்துவம், நிச்சயம், சிக்கனம் என்பவற்றுடன் செலுத்துவோரின் வசதியையும் நல்ல வரியின் இலக்கணமாக வைத்தார். வசதி என்பது அரசு விரும்பினால் வழங்கும் சலுகை அன்று என்பதே இதன் உட்கிடை.

இலங்கை வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சியில் துப்பாக்கி, நாய், வண்டி, கடை ஆகியவற்றுக்கு வரிகள் விதிக்கப்பட்டன. அதே ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரிகள் முக்கிய காரணமாயின. இச்சட்டத்தின் அமைப்பை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. வழிகள் மட்டும் இரண்டு. பணமுடையோன் பணத்தைக் கொடுத்துத் தன் நாட்களைக் காத்துக்கொண்டான். பணமற்றோன் தன் நாட்களையே வரியாகக் கொடுத்தான். தெரிவு இருவருக்கும் வழங்கப்பட்டதாகத் தோன்றினும், தெரிவு செய்யும் ஆற்றல் ஒருவனுக்கே இருந்தது.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மோட்டார் வாகன அனுமதிக் கட்டணம் மாகாண சபைகளுக்குரிய வருவாயாகும். வாகன உரிமையாளர் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தல் வேண்டும். அதற்குக் காப்புறுதிச் சான்றிதழ் தேவை. 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவையாயிற்று. பிரதேச செயலகக் கருமபீடத்தின் முன் வரிசையில் நின்று பெறுவதே நெடுங்கால வழக்கம். பின்னர் மேல் மாகாணத்தில் தொடங்கிய இணையவழிப் புதுப்பித்தல் பிற மாகாணங்களுக்கும் விரிந்தது. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கென ‘கவ்பே’ என்னும் மின்னியல் முறையும் தொடங்கப்பட்டது. வரிசையிலிருந்து திரைக்கு மாறுவதே காலத்தின் போக்கு.

இம்மாற்றத்தை முற்றாகப் பழிப்பது நேர்மையாகாது. மடுல்சீமை, நமுனுகுலை மலைகளிலுள்ள தோட்டமொன்றில் முச்சக்கர வண்டி வைத்திருக்கும் இளைஞனை எடுத்துக்கொள்வோம். நோயாளியை வைத்தியசாலைக்கும் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கொண்டு செல்வது அவ்வண்டியே. குத்தகைத் தவணை, காப்புறுதி, எரிபொருள் ஆகியவற்றின் பின் எஞ்சுவது அவனது வருவாய். கருமபீடத்தில் ஒரு நாள் கழிந்தால் அன்றைய உழைப்பு இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதே 2021இல்தான் என்பதை நினைவுகூர்ந்தால், அத்தகைய குடும்பத்தில் ஒரு நாளின் இழப்பு எத்தகையது என்பது விளங்கும். தன் லயன் அறையிலிருந்தே வரியைச் செலுத்த முடியுமெனின், அது அவனுக்கு உண்மையான விடுதலையே. பழைய கருமபீடம் ஏழையின் நண்பனாக இருந்தது என எண்ணுவது வெறும் மயக்கமாகும்.

ஆயின், அவ்விடுதலை முதலில் யாருக்குக் கிட்டுகிறது? வங்கி அட்டையும் நல்ல தொலைபேசியும் தடையற்ற இணைப்பும் உடையவருக்கே. பதுளை நகரத்து உத்தியோகத்தர் சில நிமிடங்களில் தம் கடமையை முடித்துவிடுகிறார். அலைவரிசை எட்டாத மலைச்சரிவில் வாழ்பவரோ ‘கொமினிகேஷன்’ கடைக்காரரிடம் தம் பத்திரங்களை ஒப்படைத்து, வரிக்கு மேல் அவருக்கும் ஒரு கட்டணம் கொடுக்க நேர்கிறது. அன்றேல் பழைய வரிசையிலேயே நிற்கிறார். 1848இன் இரு வழிகளும் இங்கே வேறு வடிவில் மீண்டும் தோன்றுகின்றன. ஒருவர் அட்டையால் செலுத்துகிறார். மற்றவர் நாளால் செலுத்துகிறார். வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றது என்பது சமத்துவத்தின் ஒரு பாதி மட்டுமே. வாயிலை அடைவதற்கான பாதையும் உண்டா என்பது அதன் மறுபாதி.

பிற நாடுகளின் அனுபவம் இச்சிந்தனைக்கு வலுவூட்டுகிறது. பிரித்தானியாவில் வாகன வரியை மாதத் தவணைகளில் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்துவோர் ஐந்து வீதம் மேலதிகமாகச் செலுத்துகின்றனர். முழுத்தொகையையும் ஒருமிக்கச் செலுத்துவோருக்கு அம்மேலதிகம் இல்லை. ஒரே தொகையைத் திரட்ட இயலாமையே விலைக்குரியதாகிறது. இந்தியாவில் 2021 பெப்ரவரியில் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ‘பாஸ்டாக்’ முறை கட்டாயமாக்கப்பட்டபோது, அது இல்லாத வாகனங்கள் இருமடங்கு செலுத்துமாறு விதிக்கப்பட்டது. புதிய முறைக்கு மக்களைப் பழக்குதல் இதன் நோக்கம் எனலாம். ஆனால், பழகுவதற்கு விருப்பமில்லாதவரையும் இயலாதவரையும் தண்டம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். கருமபீடங்களைப் பேணுவதற்குப் பணம் செலவாகின்றது. அவற்றைப் பயன்படுத்துவோரே அச்செலவை ஏற்பதுதானே நீதி என்பது அத்தடை. சந்தைக்கு இவ்விதி பொருந்தும். சந்தையில் விலை ஒவ்வாதவர் பொருளை வாங்காது திரும்பலாம். வரியில் அவ்வாறு திரும்ப இயலாது. செலுத்தாது வண்டியை ஓட்டினால் பொலிசார் மறிப்பர், நீதிமன்றம் தண்டிக்கும். கட்டாயப்படுத்தும் உரிமையை எவர் தம்மிடம் வைத்துள்ளாரோ, அவரே கீழ்ப்படிவதற்கான வழியையும் அமைத்துத் தரக் கடமைப்பட்டவர். செய்யவேண்டும் எனக் கூறுவதாயின், செய்ய முடியும் என்பது அதற்கு முற்படு நிபந்தனை எனக் காண்டின் அறவியல் வழிவந்தோர் வலியுறுத்துவர். 2023 ஒக்ரோபரில் தொழில்நுட்பக் கோளாறு காரணமாக வருமான அனுமதிப்பத்திர இணையச் சேவை தற்காலிகமாக நின்றது. இயந்திரம் அரசுடையது, வீதியில் மறிக்கப்படும் அச்சமோ சாரதியுடையது. இவ்விரண்டையும் ஒருவர் தலையிலேயே சுமத்துதல் அறமாகாது.

இன்னுமொரு வினாவும் உண்டு. அது சான்று பற்றியது. பிரித்தானியாவில் 1921 முதல் வாகனக் கண்ணாடியில் ஒட்டப்பட்டு வந்த வட்டமான வரிச்சீட்டு 2014 ஒக்ரோபர் முதலாந் திகதியுடன் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர், வரி செலுத்தப்பட்டதற்கான சான்று அரசின் கணினியிலேயே வாழ்கிறது. தாள் மிச்சமாயிற்று என்பது உண்மை. எனினும், முன்னர் குடிமகனின் கையிலிருந்த சான்று இப்போது, அவனைக் குற்றஞ்சாட்டும் உரிமையுடைய தரப்பின் கைக்குப் போய்விட்டது. மலையக மக்களுக்கு இது வெறும் தத்துவ நுணுக்கம் அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் தொடர்ச்சியான வதிவை ஆதாரங்களால் நிறுவுமாறு கேட்டது. தலைமுறையாக உழைத்த மண்ணில் தாம் வாழ்ந்தமைக்குச் சான்று தேடி அலைந்தோரின் பேரப்பிள்ளைகள், கையிலொரு பத்திரம் இருத்தல் வேண்டும் என விரும்புவதைப் பழமைவாதம் எனத் தள்ளுவது வரலாறு அறியாதோர் கூற்றாகும்.

வரி எதற்காகப் பெறப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் தோட்டத்து வண்டிக்குரிய வரியில் குறைவு இருக்கவில்லை. அவ்வண்டி ஏறியிறங்கிய தோட்டப் பாதைக்கு மட்டும் பிரதேச சபையின் கை எட்டவில்லை. பெறும்போது அவரைக் குடிமகனாகவும், கொடுக்கும்போது தனியார் நிலத்தில் வாழ்பவராகவும் கருதிய ஒழுங்கு அது. இப்பின்னணியில், வரி செலுத்தும் வழியிலேனும் அவர் சமமாக நடத்தப்படுதல் வேண்டும் எனக் கேட்பது பேராசையாகாது.

ஆகவே, மாற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்பது நம்முன் உள்ள வினா அன்று. எந்த நிபந்தனைகளோடு ஏற்பது என்பதே வினா. இணையவழி வளரட்டும். ஆயின், அதனை அடைய இயலாதவருக்குக் கருமபீடமும் மேலதிகக் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும். தொகையைச் சிறு தவணைகளாகச் செலுத்துவோரிடம் அவர்களது இல்லாமைக்காக விலை பெறலாகாது. செலுத்தியதற்கான சான்று, அவர் படிக்கும் மொழியில், அவர் கையில் தரப்படுதல் வேண்டும். பண்டாரவளை, எல்ல, ஹாலி-எல, ஹப்புத்தளை, பசறை முதலிய பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டமையால், மொழி பற்றிய இக்கோரிக்கை புதியதும் அன்று. இயந்திரம் தவறும்போது, அதன் விளைவை இயந்திரத்தை அமைத்தவரே ஏற்றல் வேண்டும்.

ஒரு வரி முறையின் நீதியை அளக்க விரும்புவோர், அது மிக விரைவாகச் செலுத்துபவருக்கு எத்தனை நிமிடங்களை மீதப்படுத்தியது எனக் கேட்பதோடு நின்றுவிடுகின்றனர். மிகத் தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து வரும் ஒருவர் அதே வரியைச் செலுத்த எத்தனை மணித்தியாலங்களை இழக்கிறார் என்பதே முதலிற் கேட்கப்பட வேண்டியது. அந்த இழப்பு குறைந்தால் மாத்திரமே சீர்திருத்தம் என்ற சொல் பொருளுடையதாகும்.